இறக்கத்துக்கென்று ஒரு எஞ்சின்: ரயில் பித்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரயில் பித்தர்களுக்கு,

பித்தர்கள் என்றதற்குக் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின் என்று சொல்லிவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம்.

போன மாதம் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோமே, ஜப்பானின் தலைசிறந்த பத்து மின்சார எஞ்சின்கள் என்று. முதலிடம் ஈஎஃப்66. 3,900 கிலோவாட், 1960களிலேயே ஆயிரம் டன் சரக்கை விரைவு ரயில் வேகத்தில் இழுத்த எஞ்சின். சரி, எனக்கு மறுப்பில்லை. இரண்டாமிடம் ஈஎஃப்58. பேரரசர் பயணம் செய்யும் ரயிலை இழுத்த எஞ்சின், பார்க்கவும் அழகு. அதுவும் சரி. அப்புறம் மூன்று, நான்கு என்று பத்து வரை இறங்கி வந்து பார்த்தேன். ஈஎஃப்63 இல்லவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு நண்பர் சொன்ன பதில் இது: "2,550 கிலோவாட்தானே சார். அதுவும் வாழ்நாள் முழுக்க 11 கிலோமீட்டர்தான் ஓடிச்சு. அது ஒரு பேங்கர்." பேங்கர் என்றால் மேட்டில் மட்டும் வண்டிக்குக் கைகொடுக்கும் துணை எஞ்சின்.

அந்த 11 கிலோமீட்டரைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

டோக்கியோவிலிருந்து வடமேற்காக நகானோ பக்கம் போகும் பழைய ஷின்எட்சு பாதையில், யோகோகாவா வரை வண்டி சாதாரணமாகத்தான் போகும். யோகோகாவாவைத் தாண்டியதும் எதிரே மலை. அதற்கு மேலே கருய்சாவா, டோக்கியோவாசிகள் வெயிலுக்குப் போய் ஒதுங்கும் ஊர். இரண்டுக்கும் நடுவே உசுய் கணவாய். தூரம் 11.2 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் சுமார் 550 மீட்டர். பாதையின் சரிவு ஆயிரத்துக்கு 66.7, அதாவது பதினைந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற வேண்டும்.

பஸ்ஸில் போகிறவருக்கு இது ஒரு சரிவே இல்லை. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் ஓடும்போது கதை வேறு. ஜப்பானின் முக்கியப் பாதைகளில் ஆயிரத்துக்கு 25 என்பதே கடுமையான ஏற்றம் என்பார்கள். இங்கே அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி இந்தச் சரிவில் நின்றால், அதன் ஒரு முனை மறுமுனையைவிட ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். அதேபோல் பன்னிரண்டு பெட்டிகளைக் கோத்துவிட்டால், முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடுவே ஐந்து மாடிக் கட்டிடத்தின் உயரம் வந்துவிடும். வண்டியின் ஒவ்வொரு நூறு டன்னையும் கிட்டத்தட்ட ஏழு டன் விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஏறும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் இறங்கும்போதும்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா மேட்டுப்பாளையம்–ஊட்டி வண்டியில் பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருவர், கையில் கொடியோடு வெளியே நின்று, எஞ்சின் கொடுக்கும் சைகையைக் கேட்டுக் கை பிரேக்கைச் சுற்றுவார்களே, அந்த வேலை. "ஏத்தறது பெரிய காரியமில்லடா, எறக்கிக் கொண்டாந்து நிறுத்தணும்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை. குதிரைத்திறனை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், உங்களைப் போலவே.

உசுய் கணவாயில் பாதை திறந்தது 1893 ஏப்ரல் 1 அன்று. வேலை முடிய ஒன்றே முக்கால் வருஷம்தான் ஆனது. அதற்குள் 26 சுரங்கம், 18 பாலம். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து முடித்த வேலை அது. பாலங்களில் மூன்றாம் எண் பாலம் மட்டும் சுமார் இருபது லட்சம் செங்கல்லால் கட்டியது. 31 மீட்டர் உயரம், நான்கு வளைவு. மூக்குக்கண்ணாடிப் பாலம் என்று செல்லப்பெயர். வடிவமைத்தவர் பவ்னல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

அன்றைக்குச் சக்கரத்தை மட்டும் நம்பி இந்தச் சரிவில் ஏற முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரத்தை அதில் கோத்து ஏற்றினார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. நம் நீலகிரி வண்டி கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறுவதும் இதே ஆப்ட் முறையில்தான். 1899-ல் குன்னூர் வரை வண்டி வந்தது, ஆக உசுய் நமக்கு ஆறு வயது மூத்த அண்ணன். சரிவில் மட்டும் நம்முடையது கடுமை, பன்னிரண்டுக்கு ஒன்று. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின்கள். கணவாயைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதில் 26 சுரங்கம். புகை நுழைந்தால் வெளியே போக வழி கிடையாது. எஞ்சினில் இருப்பவர்கள் மயங்கி விழும் நிலை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுரங்க வாயிலில் ஆள் போட்டு, வண்டி உள்ளே போனதும் பின்னால் பெரிய திரையை இழுத்து மூடச் செய்தார்கள். வண்டியின் பின்னாலிருந்து காற்று ஏறி வந்து புகையை முன்னுக்குத் தள்ளக் கூடாதாம். நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிறவர் போல, மலையில் ரயிலுக்குத் திரை இழுக்க ஒரு உத்தியோகம். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

மின்சாரம் வந்தது இந்தப் புகையால்தான். 1912-ல், ஜப்பானின் முக்கியப் பாதைகளில் முதன்முதலாக மின்மயமானது இந்த மலைத்துண்டுதான். டோக்கியோவைச் சுற்றிய சமவெளிக்கு முன்னாலேயே இங்கே மின்சார எஞ்சின் வந்துவிட்டது. சுரங்கம் ஒடுக்கமானது, மேலே கம்பி கட்ட இடமில்லை. அதனால் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்று போட்டு 600 வோல்ட் பாய்ச்சினார்கள். ஜெர்மனியிலிருந்து பன்னிரண்டு மின்சார எஞ்சின்கள் வந்தன. அடுத்து 1919-ல் ஓமியா பணிமனையில் ஜப்பானியர்கள் தாங்களே ஈடி40 செய்தார்கள். அதற்கப்புறம் சுவிட்சர்லாந்திலிருந்து இரண்டு எஞ்சினை வரவழைத்து, அதைப் பார்த்துப் பார்த்து 1934 முதல் ஈடி42 என்று 28 எஞ்சின் கட்டினார்கள். ஒரு சரக்கு வண்டிக்கு நான்கு எஞ்சின் போட்டாலும் 360 டன்தான் மேலே போகும். அதுவும் சைக்கிள் வேகத்தில்.

போர் முடிந்து நாடு எழுந்து நின்றபோது இந்தப் பதினோரு கிலோமீட்டர் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. 1950களின் கடைசியில் இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. ஒன்று, மலையைச் சுற்றி வளைத்துச் சரிவைக் குறைத்து நீளமான புதுப் பாதை போடுவது. இன்னொன்று, அதே 66.7 சரிவை வைத்துக்கொண்டு பற்சட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாதாரணச் சக்கரத்தை மட்டும் நம்பி ஏறுவது. இரண்டாவது வழியில் செலவு குறைவு, ஆனால் எஞ்சின் செய்கிறவன் தலையில் பாறாங்கல். அவர்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

அந்தப் பாறாங்கல்லைச் சுமக்கப் பிறந்ததுதான் ஈஎஃப்63. 1962-ல் முதல் எஞ்சின் தோஷிபா பட்டறையிலிருந்து வந்தது. 1963 ஜூலையில் புதுப் பாதை திறந்தது, செப்டம்பர் 30-ஆம் தேதியோடு பற்சட்டப் பாதைக்கு விடைகொடுத்தார்கள். மொத்தம் 25 எஞ்சின்கள். மின்சாரம் வந்த பின்னும் முக்கால் மணியை ஒட்டி எடுத்த ஏற்றம் 17 நிமிடமாகச் சுருங்கியது. இறக்கம் எவ்வளவு தெரியுமா? 24 நிமிடம். ஏறுவதைவிட இறங்க ஏழு நிமிடம் அதிகம். அப்பா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பெயரை முதலில் பிரித்துவிடுகிறேன், புதியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஈ என்றால் மின்சாரம். எஃப் என்பது ஆங்கில எழுத்து வரிசையில் ஆறாவது, ஆக ஆறு இயங்கும் அச்சு. இரண்டு இரண்டு அச்சாக மூன்று போகி (பெட்டியல்ல, எஞ்சினுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்), அச்சுக்கு 425 கிலோவாட் மோட்டார் ஒன்று. இதே மோட்டார்தான் ஈஎஃப்62-லும் ஈஎஃப்65-லும். நம் பட்டியலில் ஈஎஃப்65-க்கு ஆறாமிடம் கொடுத்தோம். அதற்கும் இதே 2,550 கிலோவாட்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை போல.

எடை 108 டன். சமவெளி எஞ்சின் செய்கிறவர்கள் எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள், இங்கே வேண்டுமென்றே ஏற்றினார்கள். சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க எடைதான் துணை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சரிவில் நிற்கும் எஞ்சினின் பாரம் தாழ்ந்த பக்கத்துக்குச் சாயும். குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் போவது போல. மேல்பக்கப் போகி லேசாகிவிடும், அங்கே சக்கரம் சுழன்றுவிடும். அதனால் சமதரையில் நிற்கும்போதே கருய்சாவா பக்கத்துப் போகிக்கு அச்சுக்கு 19 டன், நடுவில் 18, யோகோகாவா பக்கம் 17 என்று பாரத்தைப் பிரித்து வைத்தார்கள். மலையில் ஏறினால் மூன்றும் சமமாகிவிடும். ஆக இது திருப்பி நிறுத்த முடியாத எஞ்சின். மலைப்பக்கம் ஒரு முகம், ஊர்ப்பக்கம் ஒரு முகம் என்று பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே திசை.

இனி பிரேக்குக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

மற்ற எஞ்சின்களுக்கு பிரேக் ஒரு பாகம். ஈஎஃப்63-ஐ பிரேக்குகளின் மேல் கட்டிய எஞ்சின் என்றே சொல்லலாம். வழக்கமான காற்று பிரேக் இருக்கிறது. ஆனால் 11 கிலோமீட்டருக்குக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிச் சக்கரமே தளர்ந்துவிடும். அதனால் இறக்கத்தில் முக்கிய வேலை மின் பிரேக்குக்கு. மோட்டாரை ஜெனரேட்டராக்கி, வரும் மின்சாரத்தை ரெசிஸ்டர்களில் எரித்து வெப்பமாக்கி வெளியே ஊதிவிடுவார்கள். உள்ளே பாதி இடம் ரெசிஸ்டருக்கும் அதைக் குளிரவைக்கும் புளோயருக்கும்தானோ என்று தோன்றும். மலையிலிருந்து இறங்கி வந்து யோகோகாவாவில் நிற்கும் எஞ்சின் அடுப்பு போலக் கனலும் என்பார்கள்.

அது போதாதென்று, சக்கரங்களுக்கு நடுவே மின்காந்தங்கள். ஆபத்து வந்தால் அவை நேராகத் தண்டவாளத்தையே கவ்வும். சக்கரம் வழுக்கினாலும் இந்தப் பிடி இருக்கும். சரிவின் நடுவில் நிற்க நேர்ந்து, குழாயில் காற்று மெல்லக் கசிந்து போனாலும் பிரேக் விடாமலிருக்க ஒரு இயந்திரப் பூட்டு. அதற்கும் மேலே ஒரு காவல்காரன்: வேகம் எல்லையைத் தாண்டினால் தானே அவசர பிரேக் போடும் கருவி. வேகத்தை அளக்க மோட்டார் ஓட்டும் சக்கரத்தை நம்பவில்லை. அது வழுக்கினால் கணக்குப் பொய்யாகிவிடும் அல்லவா? அதற்கென்றே அடியில் ஒரு சின்னச் சக்கரம், எதையும் இழுக்காமல் சும்மா உருண்டு உண்மை வேகத்தை மட்டும் சொல்லும். இந்தச் சின்னச் சக்கரத்தைக் குனிந்து தேடிப் பார்ப்பதற்காகவே நான் யோகோகாவா போனேன் என்றால் நம்புவீர்களா?

பயணிகள் வண்டிக்கு இறக்கத்தில் வேகம் 38 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ்கூட அதைத் தாண்டும். ஒரு கட்டம் தாண்டிவிட்டால் எந்த பிரேக்காலும் வண்டியைப் பிடிக்க முடியாது என்பதுதான் இந்த மலையின் கணக்கு, அந்தக் கட்டத்தின் பக்கத்தில்கூடப் போகாமலிருக்கத்தான் இந்த 38. இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் டோக்கியோவை நோக்கிப் போகும் வண்டியை 'ஏறும் வண்டி' என்றும், டோக்கியோவிலிருந்து விலகிப் போவதை 'இறங்கும் வண்டி' என்றும் சொல்வது வழக்கம். உசுய் கணவாயில் அது தலைகீழ். மூச்சு முட்ட மலை ஏறுவது இறங்கும் வண்டி, பிரேக் பிடித்தபடி இறங்குவது ஏறும் வண்டி.

எஞ்சின் நிற்கும் இடமும் உங்களுக்குப் பழகியதுதான், நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு. ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் எப்போதும் தாழ்வான பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று முதுகு கொடுத்துத் தாங்கும். எந்தக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் தனியாக ஓடிவிடக் கூடாது. எப்போதும் இரட்டையாகத்தான் வேலை செய்யும், ஒற்றையாகப் போய்ப் பழக்கமில்லை. மலையேறுகிறவனுக்குத் துணையாக வரும் ஷெர்பா போல என்பதால் 'கணவாயின் ஷெர்பா' என்று ஜப்பானியர்கள் பெயர் வைத்தார்கள். கூடவே பிறந்தது ஈஎஃப்62. அது வண்டியின் தலையில் நின்று நகானோ பக்கம்வரை தொடர்ந்து போகும், ஷெர்பாக்கள் இருவரும் கருய்சாவாவில் கழன்று திரும்பிவிடுவார்கள்.

பின்னாலிருந்து தள்ளுவதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு எஞ்சினும் சேர்ந்து 216 டன் எடையோடு கீழேயிருந்து அமுக்கினால், நடுவில் மாட்டிய லேசான பெட்டி வளைவில் மேலே எழும்பித் தடம் புரளும். ஆகவே மின்தொடர் வண்டிகள், அதாவது தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் வைத்த ரயில்கள், எட்டுப் பெட்டிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. கணவாயைக் கடக்கும் பெட்டிகளுக்கெல்லாம் சட்டத்தையும் கப்ளிங்கையும் பலப்படுத்தி, பெட்டி எண்ணுக்கு முன்னால் ஒரு வட்டப் புள்ளி போட்டார்கள். பழைய ஜப்பானியப் பெட்டிகளின் படத்தில் எண்ணுக்கு முன் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது மலை ஏறத் தகுதி வாங்கிய பெட்டி. மலை ஏறும் முன் பெட்டியைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங்கில் காற்றையும் இறக்கிவிடுவார்கள். மெத்தை மேல் உட்கார்ந்து தள்ளு வாங்கக் கூடாதாம்.

எட்டுப் பெட்டி போதவில்லை என்றானபோது அவர்கள் செய்த வேலைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மின்தொடர் வண்டிக்கும் மோட்டார் இருக்கிறதே, மலையில் அது ஏன் சும்மா வர வேண்டும்? 1960களின் கடைசியில் எஞ்சினையும் மின்தொடரையும் கம்பி வழியாக இணைத்து, எஞ்சினிலிருந்தே இரண்டின் மோட்டாரையும் ஒன்றாக இயக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 169, 489, 189 என்று இதற்கென்றே வண்டிகள் கட்டினார்கள். பன்னிரண்டு பெட்டி மேலே போனது. ஏறும்போது வண்டியின் முனையில் இருப்பவர் பாதையையும் சிக்னலையும் பார்த்து ரேடியோவில் சொல்வார், பின்னால் எஞ்சினில் இருப்பவர் அதைக் கேட்டு ஓட்டுவார். கண் ஒரு முனையில், கை இருநூறு மீட்டர் தள்ளி இன்னொரு முனையில்.

இதன் விளைவை எஞ்சினின் முகத்திலேயே பார்க்கலாம். யோகோகாவாவில் பழைய எஞ்சின் ஷெட் இருந்த இடம் இப்போது ரயில் பண்பாட்டுக் கிராமம். அங்கே ஈஎஃப்63-இன் கருய்சாவா பக்கத்து முகத்துக்கு எதிரே அரை மணி நேரம் நின்றேன். அழகு என்று சொல்ல மாட்டேன். நீல உடம்பு, வெளிறிய மஞ்சள் முகம், அதன் இரண்டு பக்கமும் தொங்குகிற தடித்த கறுப்பு கேபிள்கள். எத்தனை வகை வண்டி வருமோ அத்தனை வகைக்கும் தனித்தனிக் கேபிள். தலைமுடியைச் சீவாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டவர் மாதிரி இருக்கிறது. நடுவில் கப்ளிங்கைப் பார்த்தால் அது ஒன்றல்ல, இரண்டு. சரக்குப் பெட்டிக்கு ஒரு கை, மின்தொடருக்கு இன்னொரு கை. தேவையானதைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். மறுமுனைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே முகம் கிட்டத்தட்டத் துப்புரவாக இருந்தது. யாரோடு கைகுலுக்க வேண்டியிருந்ததோ அந்தப் பக்கம் மட்டும் உழைப்பு எழுதியிருக்கிறது.

ஈஎஃப்58-க்கு முகத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

குறை இல்லாத எஞ்சின் என்று நான் சாதிக்கவில்லை. இத்தனை பிரேக் இருந்தும் 1975 அக்டோபரில் மலை ஒருமுறை ஜெயித்தது. பெட்டி எதுவும் இல்லாமல் நான்கு எஞ்சின்களை மட்டும் கோத்து இறக்கிக் கொண்டுவந்தபோது வேகம் கைமீறிப் போய், நான்கும் வளைவில் தடம் புரண்டு கவிழ்ந்தன. எஞ்சினில் இருந்தவர்களுக்குக் காயம், உயிர் தப்பினார்கள். இரண்டு ஈஎஃப்63-கள் அழிந்தன. அவற்றுக்குப் பதிலாக 1976-ல் இரண்டு புதிதாகக் கட்டினார்கள். 24, 25 எண்கள் அப்படி வந்தவை.

முடிவு நீங்கள் அறிந்ததுதான். 1998 பிப்ரவரியில் நகானோவில் குளிர்கால ஒலிம்பிக். அதற்கு முன்னால் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் வந்தாக வேண்டும். 1997 அக்டோபர் 1 அன்று அது ஓடத் தொடங்கியது. முந்தின நாள் செப்டம்பர் 30, யோகோகாவாவுக்கும் கருய்சாவாவுக்கும் நடுவே ரயிலுக்கே கடைசி நாள். பற்சட்டப் பாதை மூடியதும் ஒரு செப்டம்பர் 30-தான் என்று மேலே எழுதினேன், கவனித்தீர்களா? இப்போது யோகோகாவாவில் தண்டவாளம் முட்டி நிற்கிறது. மேலே போக பஸ். 17 நிமிடத்தில் ஷெர்பாக்கள் ஏற்றிவிட்ட உயரத்துக்கு பஸ் அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. புல்லட் ரயிலும் இந்த மலையைச் சும்மா தாண்டவில்லை. நீண்ட சுரங்கங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு, ஆயிரத்துக்கு 30 சரிவில் ஏறுகிறது. அதையும் ஒரு சாதனையாகச் சொல்கிறார்கள். பழைய பாதையின் சரிவில் பாதிகூட இல்லை.

"11 கிலோமீட்டர்தான் ஓடிச்சு" என்ற நண்பருக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், 34 வருஷமும் அதே 11 கிலோமீட்டர்தான். ஆனால் ஷின்எட்சு பாதையில் கருய்சாவாவைக் கடந்த ஒவ்வொரு ரயிலும் அதன் தோளில் சாய்ந்துதான் கடந்தது. ஈஎஃப்66 இல்லாவிட்டால் சரக்கு கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கும், அல்லது வேறு எஞ்சின் இரண்டைக் கோத்து இழுத்திருப்பார்கள். ஈஎஃப்63 இல்லாவிட்டால் வண்டி யோகோகாவாவிலேயே நின்றிருக்கும். வேறு எந்த எஞ்சினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. பட்டியலுக்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

அதனால் இரண்டு கோரிக்கை. ஒன்று, பட்டியலைத் திருத்துங்கள். முதலிடம் கேட்கவில்லை, மூன்றாமிடம் கொடுங்கள். அதற்காக யாரையாவது கீழே தள்ள வேண்டுமென்றால் ஈஎஃப்65-ஐத் தள்ளுங்கள், அது சமவெளிப் பிள்ளை, தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, அடுத்த தடவை ஜப்பான் போனால் டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் மூக்கோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். தகசாகியில் இறங்கி, யோகோகாவா போகும் சாதாரண வண்டியைப் பிடியுங்கள். அரை மணி நேரப் பயணம்தான். பண்பாட்டுக் கிராமம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு விசேஷம் உண்டு. ஒரு நாள் பாடம் கேட்டுத் தேறினால், உண்மையான ஈஎஃப்63-ஐ மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து நீங்களே கொஞ்ச தூரம் ஓட்டலாம். நான் போன அன்று, சொந்தமாகக் கையுறை கொண்டுவந்திருந்த ஒருவர் ஓட்டினார். பயிற்சி தருகிற பெரியவர் பக்கத்தில் நின்றார். எஞ்சின் கிளம்பியபோது எல்லாரும் படம் எடுத்தார்கள். அந்தப் பெரியவர் மட்டும் கிளம்புவதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. திரும்பி வந்து நிற்கும்போதுதான் அவர் கண் பிரேக் பிடித்த கையிலேயே இருந்தது. என் அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

நேரம் இருந்தால் பற்சட்டப் பாதை மேலேயே நடந்து போங்கள். அதை நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், ஆறு கிலோமீட்டர். செங்கல் பாலத்தின் மேலேயே நடக்கலாம், சுரங்கங்களுக்குள்ளும் போகலாம். அந்தத் திரை இழுத்தவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று வாயிலில் நின்று யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக நடங்கள். பதினைந்துக்கு ஒன்று என்றால் என்னவென்று முதலில் முழங்காலுக்குத்தான் தெரியும், அதுவும் திரும்பி இறங்கும்போது.

கிளம்புவதற்கு முன் யோகோகாவாவில் ஒகினோயா கடைச் சாப்பாட்டை வாங்குங்கள். ஷெர்பாக்களைக் கோக்க வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களை நம்பித்தான் அந்த வியாபாரமே வளர்ந்தது. 1958-லிருந்து மண்சட்டியில் சூடாகச் சோறு விற்கிறார்கள். மேலே கோழி, காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை, ஒரு பாதாமி. வண்டி கிளம்பும்போது விற்பவர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கி வழியனுப்புவார்களாம். சாப்பிட்டு முடித்தால் சட்டி நமக்கு.

என்னுடைய சட்டியில் இப்போது என் மனைவி புளி போட்டு வைத்திருக்கிறார். மூடி போன வாரம் கைதவறி உடைந்துவிட்டது. உங்களில் யார் முதலில் போகிறீர்களோ, எனக்கு ஒன்று வாங்கி வாருங்கள். காசு தந்துவிடுகிறேன். சாப்பாட்டை நீங்களே சாப்பிட்டுவிடலாம்.

அன்புடன்,
குன்னூர் பிரேக்ஸ்மேன் ஒருவரின் மகன்